மச்சான் பெயரில் காணி எழுதலாமா?

கேள்வி: சட்டத்தரணி அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 59. 1988இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவன். 1997இல் கனடியக் குடியுரிமை எடுத்தேன். ரொறன்ரோவில் இருக்கிறோம், பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு விலைக்கு வருகிறது. நாலு பரப்புக் காணியும் (கால் ஏக்கர்) ஒரு பழைய கல்வீடும். விற்பவர் எங்களுக்குத் தெரிந்த அக்கா. அவருடைய கணவர் தொண்ணூறுகளில் பிரான்ஸ் போனவர், இப்போது தொடர்பு இல்லை. வருடத்தில் நாலைந்து மாதம் ஊரில் வந்து இருக்கலாம் என்று எங்களுக்கு ஆசை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் காணி வாங்க ஏலாது, தன் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுவோம் என்கிறார் மச்சான் (தாய்மாமனின் மகன்). அப்பா 2004இல் காலமான பிறகு எங்கள் வீட்டிலும் அவர்தான் குடும்பத்தோடு இருக்கிறார். தரகர், வெள்ளவத்தையில் தொடர்மாடி எடுங்கோ, சிக்கல் இல்லை என்கிறார். மனைவிக்கு, திருச்சியில் ஒரு வீடு இருந்தால் வைத்தியத்துக்கு வசதி என்று எண்ணம். என்னிடம் பழைய அடையாள அட்டை இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி என் பெயரிலேயே காணி உறுதி முடிக்க முடியாதா?

பதில்:

வணக்கம் அண்ணை. நீங்கள் கடைசியில் போட்ட கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் மச்சானின் யோசனையைவிட அதுதான் ஆபத்தானது.

போன வருடம் ஒருவர் என் மேசையில் ஒரு அடையாள அட்டையை வைத்தார். ஓரமெல்லாம் பிரிந்து மஞ்சளாகிப் போன லமினேற். ஒன்பது இலக்கமும் ஒரு ‘வி’ எழுத்தும். படத்தில் இருபது வயதுப் பெடியன், அரும்பு மீசை. எதிரே கதிரையில் இருந்தவருக்குத் தலை முழுக்க வெள்ளை. “நான்தான் பிள்ளை, வடிவாப் பாருங்கோ” என்றார். அவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அட்டை கொடுத்தபோது அவர் இலங்கைப் பிரசை. என் முன்னால் இருந்தபோது அவர் அப்படி இல்லை. சட்டம் பார்ப்பது அந்த வித்தியாசத்தை மட்டும்தான்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, வம்சாவளியால் இலங்கையரானவர் தன் விருப்பத்தோடு வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால், இங்கே உள்ள உரிமை தானாகவே போய்விடும். ஒருவரும் கடிதம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். அட்டையைத் திருப்பித் தா என்று வீட்டுக்கு வந்து கேட்கவும் மாட்டார்கள். நீங்கள் 1997இல் கனடாவில் சத்தியப்பிரமாணம் செய்த அன்றே இலங்கைச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவர் ஆகிவிட்டீர்கள். உரும்பிராயில் பிறந்தது, உரும்பிராயில் படித்தது, கொடியேற்றத்துக்குக் காசு அனுப்புவது எதுவும் இதில் கணக்கில் வராது. வாசிக்க மனம் கசக்கும், தெரியும். எழுத எனக்கும் சுகமாக இல்லை.

வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துவது 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். அது 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. வெளிநாட்டவர் ஒருவருக்கோ, பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டவர் கையில் உள்ள கம்பனிக்கோ காணியின் உரித்தை மாற்ற ஏலாது. சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். விதிவிலக்கில் அடங்காத உறுதி செல்லாத உறுதி. முத்திரைத் தீர்வை கட்டி, இரண்டு சாட்சி வைத்து, காணிப் பதிவகத்தில் பதிந்திருந்தாலும் செல்லாது. பழைய அட்டையைக் காட்டி எழுதினால், செல்லாத உறுதியோடு பொய்ப் பிரகடனம் என்ற வில்லங்கமும் சேரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போதோ, உங்கள் பிள்ளைகள் உரித்துக் கோரும்போதோ, வாங்க வருபவரின் சட்டத்தரணி “இவர் அப்போது எந்த நாட்டுப் பிரசை?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆகவே அந்த அட்டையை ஞாபகத்துக்கு அல்பத்தில் வையுங்கள், உறுதி எழுதும் நொத்தாரிசுக் கந்தோருக்குக் கொண்டு வர வேண்டாம்.

இனி மச்சான்.

அவர் நல்ல மனிதராக இருக்கலாம். நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பெயரில் உறுதி எழுதினால் காணி யாருக்குப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். மச்சான் கலியாணம் முடித்தவர், தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்டவர். கலியாணம் இருக்கும் காலத்தில் கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து வாங்குவது தேடியதேட்டம். அதாவது நீங்கள் அனுப்பிய காசில், நீங்கள் தெரிந்தெடுத்த வளவில், மச்சானின் மனைவிக்கும் பாதி உரித்து வந்துவிடும். நாளைக்கு “பிறகு மாற்றுவோம்” என்று நீங்கள் கேட்கும்போது மச்சான் ஓம் என்றாலும் அவவும் கையெழுத்து வைக்க வேண்டி வரலாம். இடையில் மச்சானுக்கு ஏதும் நேர்ந்தால் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அப்போது மெல்பேர்னில் இருப்பார், உங்களை ஒரு கலியாண வீட்டில் கண்டதோடு சரி. மச்சான் எடுத்த வங்கிக் கடனுக்கும், அவர் மீது யாரும் போடும் வழக்குக்கும் உங்கள் வளவு பொறுப்பாகும்.

காசு கொடுத்தவர் ஒருவர், உறுதி இன்னொருவர் பெயரில் என்றால், பெயருக்கு உரியவர் காசு கொடுத்தவருக்காகவே காணியை வைத்திருக்கிறார் என்று வாதிட 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைச் சொல்லித்தான் சிலர் ஆறுதல்படுத்துவார்கள். ஆனால் உங்கள் விடயத்தில் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் எப்படித் தொடங்குவீர்கள்? “வெளிநாட்டவர் வாங்கக் கூடாது என்ற சட்டம் இருந்தது, அதைச் சுற்றிப் போவதற்காக இவர் பெயரில் எழுதினேன்” என்று தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கும் வழக்குக்கு எந்த நீதிபதியும் கை கொடுப்பார் என்று நான் நம்பவில்லை. அதோடு, மச்சானுக்கு இன்று உங்கள் மேல் உள்ள அன்பு பொய் இல்லை. பத்து வருடம் அந்த வளவுக்கு வேலி அடைத்து, வரி கட்டி, தென்னைக்குத் தண்ணீர் இறைத்தவருக்கு, தன் உழைப்பும் அதில் இருக்கிறது என்ற எண்ணம் வருவது இயற்கை. இப்படி முகம் முறிந்த இரண்டு குடும்பங்கள் என் கந்தோரில் ஒரே நாளில், ஒரே வாங்கின் இரு முனையில் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் நேரான வழி. நீங்கள் இழந்த பிரசாவுரிமையை மீளப் பெறுங்கள். இரட்டைக் குடியுரிமை 1987இல் சட்டத்தில் வந்தது. 2011இல் நிறுத்தி வைத்தார்கள், 2015இல் திரும்பத் திறந்தார்கள். விண்ணப்பிக்கச் சில தகைமைகள் வைத்திருக்கிறார்கள்: 55 வயது தாண்டியிருத்தல், கல்வி அல்லது தொழில் தகைமை, இலங்கையில் சொத்து, நிலையான வைப்பு என்று. உங்களுக்கு 59. வேறு தகைமை எதையும் காட்டத் தேவையில்லை, வயதே கதவு. ரொறன்ரோவில் உள்ள துணைத் தூதரகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், அது பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகும். பிறப்புச் சான்றிதழ், கனடியக் குடியுரிமைச் சான்று, பொலிஸ் நற்சான்று எல்லாம் கேட்பார்கள். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, தூதரகத்தில் அன்றைய தொகையைக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்திலும் கனடிய ஆவணத்தில் இன்னொரு எழுத்திலும் இருந்தால் அதை இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். தாமதத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். “கந்தையா” என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி வைத்திருக்கும் சனம் நாங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நீங்கள் இந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர் இல்லை. உங்கள் பெயரில், நேராக, தலை நிமிர்ந்து வாங்கலாம். உறுதியில் மனைவியின் பெயரும் வர வேண்டும் என்றால் அவவும் விண்ணப்பிக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை பெற்றவரின் மனைவி என்ற வகையும் உண்டு.

பிள்ளைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த யோசனை உங்களுக்கு இரவில் வந்திருக்கும். உங்களுக்குப் பிறகு கனடியப் பிள்ளைகளுக்கு இந்த வளவு போகுமா? போகும். நான் மேலே சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று இதுதான். உரிமையாளரின் நெருங்கிய உரித்தாளி வெளிநாட்டவராக இருந்தாலும், முதுசமாகவோ (பரம்பரை உரித்தாகவோ) மரணசாதனத்தாலோ (உயிலாலோ) நன்கொடையாகவோ காணி அவருக்கு வரலாம். தாய்மாமன் மகன் அந்த வட்டத்துக்குள் வரமாட்டார் என்பதால் மச்சான் பிறகு உங்களுக்கு நன்கொடை எழுதுவது என்ற குறுக்கு வழியும் அடைபடுகிறது. உங்கள் பிள்ளைகள் அதற்குள் வருவார்கள். இங்குள்ள ஆதனத்துக்கு இங்கேயே ஒரு மரணசாதனம் எழுதி வைத்தால் அவர்களுக்கு அலைச்சல் குறையும்.

காத்திருக்கும் மாதங்களில் அந்த அக்கா வேறு யாருக்கும் விற்றுவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அதற்கு நான் வழக்கமாகச் செய்வது, நொத்தாரிசு முன்னால் ஒரு விற்பனை உடன்படிக்கை. அது உரித்தைக் கைமாற்றாது. இரட்டைக் குடியுரிமை கிடைத்து இத்தனை மாதத்துக்குள் உறுதி முடிப்பது, கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்புவது என்று நிபந்தனையோடு எழுதி, பதிவகத்தில் பதிந்து வைப்பது. முற்பணம் பத்து வீதத்தைத் தாண்ட வேண்டாம். இதற்கிடையில் வந்து இருந்து பார்க்க ஆசை என்றால் வீட்டை அவரிடம் குத்தகைக்கு எடுக்கலாம். வெளிநாட்டவர் குத்தகைக்கு எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, 99 வருடம் வரைகூட விடுகிறது. முன்பு குத்தகைக்கு ஒரு வரி இருந்தது, 2017இன் திருத்தத்தோடு அதுவும் எடுபட்டது. ஒரு மாரி காலம் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். ஓடு ஒழுகுதா, ஒழுங்கைக்குள் முழங்கால் வெள்ளம் நிற்குதா என்று ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப் வீடியோவில் தெரியாது.

இதுவரை உங்கள் பக்கத்தைப் பார்த்தோம். எனக்கு உண்மையில் கூடக் கவலை தருவது விற்பவரின் பக்கம்.

அக்காவின் கணவர் தொடர்பில்லை என்று ஒரு வசனத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். தேசவழமையில் அது ஒரு வசனம் இல்லை, முழு விடயமும் அதுதான். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண கலியாண உரித்து, முதுசம் பற்றிய கட்டளைச் சட்டப்படி, கலியாணம் முடித்த பெண் தன் சொந்தச் சீதனக் காணியையே கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க ஏலாது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு விதியா என்று உங்கள் மகள் கேட்டால், எனக்கும் அதே கேள்விதான் என்று சொல்லுங்கள். பெண் நொத்தாரிசாகிய நான் ஒரு பெண்ணிடம் “புருஷனின் கையெழுத்து எங்கே” என்று கேட்க வேண்டியிருக்கிறது. விதி பிடிக்குதோ இல்லையோ, கையெழுத்து இல்லாமல் எழுதும் உறுதியில் ஓட்டை இருக்கும். கணவர் எங்கே என்று தெரியாதபோது, அல்லது நியாயமில்லாமல் மறுக்கும்போது, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். யுத்தத்துக்குப் பிறகு வடக்கில் எத்தனையோ பெண்கள் இந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். காலம் எடுக்கும், ஆனால் நடக்கும்.

அந்த வளவு சீதனம் இல்லாமல், கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய தேடியதேட்டமாக இருந்தால் கதை வேறு. அப்போது கணவருக்கும் பாதி உரித்து. சம்மதம் அல்ல, அவரே விற்க வேண்டும். பிரான்சில் இருந்து அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) அனுப்பலாம், ஆனால் அதற்கு முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது, அந்த நாலு பரப்பும் பிரித்தெடுத்த துண்டா, பெரிய வளவின் பிரிபடாத பங்கா என்று பார்க்க வேண்டும். பிரிபடாத பங்கென்றால் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்வாங்கல் உரிமைச் சட்டம் குறுக்கே வரும். கூட்டு உரிமையாளருக்கும், விற்பவரின் உரித்தாளிகளுக்கும் “நாங்கள் விற்கப் போகிறோம், நீங்கள் எடுக்கிறீர்களா?” என்று எழுத்தில் அறிவித்துத் தவணை கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எழுதினால், டென்மார்க்கில் இருக்கும் ஒரு தம்பி விமானம் ஏறி வந்து அதே விலைக்குத் தனக்குத் தரச் சொல்லி வழக்குப் போடலாம்.

உறுதியின் அட்டவணையை வாசிக்கும்போது பரப்பையும் நாலு எல்லையையும் பார்த்துவிட்டு மூட வேண்டாம். யாழ்ப்பாண உறுதிகளில் கடைசி இரண்டு வரிகளில்தான் உயிர் இருக்கும்: “கிணற்றில் நாலில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் பாதை உரித்தும்”. உங்கள் அப்பாவின் வளவுக்கும் அந்த அக்காவின் வளவுக்கும் பொதுக் கிணறாகக்கூட இருக்கலாம். மற்றப் பங்குகாரர் யார், கிணற்றடிக்குப் போகும் பாதை யாருடைய நிலத்தின் மேல் போகிறது என்று பாருங்கள். உங்களுக்குக் கணக்கு மறந்திருந்தால்: பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நாலு பரப்பு கால் ஏக்கர், கொழும்புக் கணக்கில் 40 பேர்ச். பழைய உறுதியில் நாலு பரப்பு என்று இருந்து, நில அளவையாளர் சங்கிலி போட்டால் மூன்றே முக்கால் வருவது புதினம் இல்லை. ஒழுங்கை அகலித்தபோது ஒரு பக்கமும், அயலவர் மதில் கட்டியபோது மறுபக்கமும் தின்றிருக்கும். ஆகவே புது வரைபடம் இல்லாமல் விலை பேச வேண்டாம்.

தோம்பு, அதாவது காணிப் பதிவேட்டில் உள்ள பழைய பதிவுகள், எடுத்துப் பார்ப்பது நொத்தாரிசின் வேலை. முப்பது வருடத்துக்கு மேலாவது பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள், வடக்கில் அந்த முப்பது வருடத்துக்குள்தான் இடப்பெயர்வும் கள்ள உறுதியும் நடந்தன. திடீரென ஒரு பிரகடன உறுதி தலைகாட்டி, “பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன்” என்று யாரோ தனக்குத்தானே உரித்து எழுதியிருந்தால் அந்த இடத்தில் நில்லுங்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருட எதிரிடை ஆட்சிக்கு (உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக ஆண்டு வருவதற்கு) உரித்து உண்டு என்பது உண்மை. அதைச் சாட்சியோடு நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும், நொத்தாரிசு முன்னால் சொன்னால் மட்டும் போதாது.

இந்தப் பேச்சு வந்ததால், நீங்கள் கேட்காத இன்னொன்றுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் வீடு.

பக்கத்து வளவை வாங்க ஓடித் திரிகிறீர்கள், சொந்த வளவு இருபது வருடத்துக்கு மேலாக இறந்தவர் பெயரில் கிடக்கிறது. அப்பா மரணசாதனம் எழுதாமல் போயிருந்தால் அவருடைய முதுசம் அவர் இறந்த அன்றே பிள்ளைகளுக்குச் சம பங்காக வந்துவிட்டது, நீங்கள் கனடியரானாலும். அதாவது உரும்பிராயில் உங்களுக்கு ஏற்கெனவே காணி இருக்கிறது, கடதாசிதான் இல்லை. மச்சான் அங்கே இருப்பது உங்கள் விருப்பத்தோடு. விருப்பத்தோடு இருப்பவருக்குப் பத்து வருடக் கணக்கு ஓடாது. ஆனால் விருப்பம் கொடுத்தவர்கள் போன பிறகு, “சும்மா இருக்கச் சொன்னார்கள்” என்பதற்கு யார் சாட்சி? ஒரு பக்கத்தில் அனுமதிக் கடிதம் ஒன்று எழுதி மச்சானிடம் கையெழுத்து வாங்குங்கள். உண்மையாக இருப்பவர் கோபிக்க மாட்டார். உங்கள் சகோதரர்களோடு பேசி இறந்தவரின் சொத்தை உரித்தாளிகள் பெயருக்குக் கொண்டு வரும் ஆதன நிர்வாக வழக்கை நீதிமன்றத்தில் முடித்துவிடுங்கள்.

2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி ஞாபகம் இருக்கும். வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கரைக் குறிப்பிட்டு, உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்வராவிட்டால் அரச காணியாகக் கொள்ளப்படும் என்றது. எதிர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசாங்கமும் மீளப் பெற்றது. அந்த மூன்று மாதத்தில் என் கந்தோருக்கு நோர்வேயில் இருந்தும் சுவிசில் இருந்தும் வந்த தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசிப் பேரிடம் “உறுதி எங்கே?” என்று கேட்டதற்கு ஒரே பதில்தான்: உறுதி அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி எங்கே என்று தெரியாது.

காசு அனுப்பும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் மூலம் அனுப்ப வேண்டாம். இரண்டு ரூபா கூடக் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் அந்தக் காசுக்கு இங்கே பிறப்புச் சான்றிதழ் இல்லை. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், ஏதாவது வணிக வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, கனடா வங்கியில் இருந்து அதற்குள் அனுப்பி, அதில் இருந்து விற்பவருக்குக் கொடுங்கள். பின்னாளில் விற்றால் அந்தப் பணம் அதே வழியால் திரும்பிப் போகும். இதனால்தான் உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா பெறுமதிக்கு 3,99,000 ரூபா. பாதி விலை எழுதி இரண்டு இலட்சத்தை மிச்சம் பிடித்தால், வாங்கிய விலைக்கும் அனுப்பிய காசுக்கும் பொருத்தம் இல்லாமல் போகும். விற்கும் காலத்தில் இலாபம் பொய்யாகப் பெருத்து மூலதன ஆதாய வரியும் கூடும். கனடாவில், வெளிநாட்டுச் சொத்தை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் ரீ-1135 படிவத்தில் சொந்தப் பாவனை வீடு சேராது. வாடகைக்குக் கொடுத்தால் சேரக்கூடும், உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

வெள்ளவத்தை பற்றித் தரகர் சொன்னது பாதி சரி. தொடர்மாடி வீட்டை வெளிநாட்டவர் வாங்கலாம், முழுப் பணமும் உறுதிக்கு முன்னரே வெளிநாட்டில் இருந்து வந்திருக்க வேண்டும். 2014இல் நாலாம் மாடிக்குக் கீழே தர மாட்டோம் என்றுதான் சட்டம் வந்தது. நாலாம் மாடி என்றால் எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகம் (கொழும்பில் பொலிஸ் விசாரணைக்குக் கொண்டு போகும் இடம்) வரும் என்பதைச் சட்டம் வரைந்தவர்கள் யோசிக்கவில்லை. 2018இன் திருத்தத்தில் அந்த மாடிக் கணக்கு எடுபட்டது. தரகர் சொல்லாத மிச்சப் பாதி: 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டப்படி கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் தனி உரிமையாகக் காட்டுவது) பதிந்த கட்டடமாக இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் அப்படிப் பதியாத கட்டடங்களில் குடியிருந்துகொண்டு உறுதிக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்பது ஊர். லிஃப்ட் வைத்த வீடு வாங்கினால் ஊர் வராது.

திருச்சியை விட்டுவிடுங்கள். இந்திய வம்சாவளி இல்லாத வெளிநாட்டவர், வெளிநாட்டில் இருந்துகொண்டு அங்கே வீடு வாங்க ஏலாது. இன்னொரு கொளுக்கியும் இருக்கிறது: இலங்கைப் பிரசைகள் இந்தியாவில் அசையாச் சொத்து எடுக்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்ற நாடுகளின் பட்டியலில் இருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் விலக்கு. இங்கே இரட்டைக் குடியுரிமை எடுத்த பின் அந்தப் பட்டியல் உங்களையும் தொடும். வைத்தியத்துக்கு என்றால் வாடகை வீடு போதும்.

ஆகவே விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுங்கள், மச்சானுக்குக் காசு அனுப்ப வேண்டாம். அந்த அக்காவிடம் இரண்டு திகதிகளை மட்டும் கேட்டு எனக்கு அனுப்பி வையுங்கள்: அவருடைய கலியாணம் பதிந்த திகதி, அவர் பெயருக்கு அந்த வளவு உறுதி எழுதிய திகதி. எது முந்தியது என்று தெரிந்தால்தான், நாங்கள் பிரான்சில் ஆளைத் தேட வேண்டுமா, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா என்று என்னால் சொல்ல முடியும்.